அமாவாசைக் கெடு

எங்க ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எங்கள் குடிசையின் பின்சுவரில் அவள் கரித்துண்டால் இழுத்த கோடுகள் எப்போதும் இருக்கும். சந்தையிலிருந்து புதுக்கோழி ஒன்று வந்தால் அன்றைக்கு ஒரு கோடு. மறுநாள் ஒரு கோடு. அமாவாசைக்கு வந்த கோழிக்கு அடுத்த அமாவாசை வரைக்கும், பௌர்ணமிக்கு வந்த கோழிக்கு அடுத்த பௌர்ணமி வரைக்கும் கோடு போய்க்கொண்டே இருக்கும். இதற்குக் 'கெடு' என்று பெயர். கெடு முடிகிறவரை புதுசு பழசோடு சேரக் கூடாது. பின்னால் முருங்கை மரத்தடியில் காலில் கயிறு கட்டி வைத்திருப்பாள். தண்ணீருக்கு ஒரு உடைந்த சட்டி தனி. ராத்திரியானால் அதன் மேலே கூடையைக் கவிழ்த்துக் கல்லை வைத்துவிடுவாள்.

பக்கத்து வீட்டுச் சின்னம்மா ஒருநாள் கேலி பண்ணினாள். "இன்னா அத்தே, ஊர்க்காரன் நம்மள வெச்சாமாதிரி நீ கோழிக்கு ஒரு சேரி கட்டிகினியா?"

ஆயா வெத்தலையைத் துப்பிவிட்டுச் சிரித்தாள். "இது அடுத்த அமாவாசைக்கு உள்ள வந்துடும்டி."

எனக்கு அந்தப் பதில் அப்போது புரியவில்லை. புரிந்திருந்தால் பதினோரு கோழி பிழைத்திருக்கும்.

எங்கள் தெரு காஞ்சிபுரத்தில் வேகவதியை ஒட்டியது. ஆறு என்று பேர். சாக்கடையும் சாயத்தண்ணியும்தான் ஓடும். நான் சொல்லப்போவது 1982-ல் நடந்தது. வரதராஜப் பெருமாள் கோயில் குளத்திலிருந்து அத்திவரதரை 1979-ல் வெளியே எடுத்தார்களே, அதற்கு மூன்று வருஷம் கழித்து. (அவருக்கும் ஒரு கெடு இருக்கிறது பாருங்கள். நாற்பது வருஷம் தண்ணீருக்குள்ளே. 2019-ல் மறுபடி வெளியே வந்து 48 நாள் இருந்துவிட்டுப் போனார். நாள் சொல்லித்தான் உள்ளே வைக்கிறார்கள், நாள் சொல்லித்தான் வெளியே எடுக்கிறார்கள்.)

எனக்குப் பன்னிரண்டு வயசு. பள்ளிக்கூடத்தை நிறுத்தித் தறிக்கு அனுப்பிவிட்டார்கள். காஞ்சிபுரம் பட்டுப் புடவையில் கோர்வை என்று ஒன்று இருக்கிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டு நிறத்து இழையும் சேருமிடத்தில் ஒன்றோடொன்று கோர்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு மூன்று நாடா ஓடணும். நெய்கிறவர் ஒருத்தரால் ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிவிட ஒரு சின்ன ஆள் வேண்டும். அந்தச் சின்ன ஆள்தான் நான். என்னைப் போல அந்தக் கொட்டகையில் இன்னும் நாலு பேர். அக்கா கல்யாணத்துக்கு நைனா முதலாளியிடம் ஐந்நூறு ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தார். அது தீருகிறவரைக்கும் நான் அந்தத் தறியை விட்டு நகர முடியாது. கூலியில் பிடித்துக்கொள்வார்கள் என்று பேச்சு. பிடித்ததாக யாரும் கணக்குக் காட்டியதில்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. எங்கள் கொட்டகைக்கு வந்து சேரவில்லை.

ஆயாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். கோழி. ஒரு பெட்டையில் ஆரம்பித்து இரண்டு வருஷத்தில் பதினொன்றாக்கியிருந்தாள். முட்டையை விற்க மாட்டாள், அடைக்கு வைப்பாள். ஆடி மாசம் கன்னியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது சேவலுக்கு நல்ல விலை வரும், நாலைந்தைத் தள்ளிவிட்டு முன்பணத்தில் பாதியை அடைத்துவிடலாம் என்று அவளுக்குக் கணக்கு. ஊர்த்தெருவிலிருந்தும் வந்து வாங்குவார்கள். கோழியை நாம் அவர்கள் கையில் கொடுக்கக் கூடாது. காலைக் கட்டித் தரையில் போட வேண்டும். அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். காசையும் அப்படித்தான் போடுவார்கள். கோழிக்குத் தீட்டில்லை, கொண்டு வந்த கைக்குத்தான். மனுவின் புத்தகத்தில் ஐந்தாம் அத்தியாயத்தில் ஊர்க்கோழியைத் தின்கிற இருபிறப்பாளன் சாதி கெடுவான் என்று இருக்கிறது. பத்தாம் அத்தியாயத்தில் சண்டாளன் ஊருக்கு வெளியே குடியிருக்கணும் என்று இருக்கிறது. பெரியவனாகிப் படித்தபோது சிரிப்புத்தான் வந்தது. விலக்கப்பட்ட கோழிக்குக்கூட ஊர் என்றுதான் பேர், அது ஊருக்குள்ளேதான் மேய்கிறது.

பட்டும் அப்படித்தான். பட்டுக்குத் தீட்டில்லை என்பார்கள். நான் தொட்டுத் தள்ளிய இழை கல்யாணப் பெண்ணின் தோளுக்குப் போகும், அம்மன் சிலைக்குப் போகும். தண்ணீர் குடிக்க மட்டும் எனக்கு அலுமினிய டம்ளர். கொட்டகைக்கு வெளியே வேலியில் ஒரு குச்சியில் கவிழ்ந்திருக்கும். முதலாளி சம்சாரம் தூக்கி ஊற்றுவாங்க. கையால் பிடித்துக் குடிப்பதும் உண்டு, டம்ளரால் பிடித்துக் குடிப்பதும் உண்டு, அது அன்றைக்கு அவங்க மனசைப் பொறுத்தது.

ஆனி அமாவாசைக்கு அம்மா சந்தையிலிருந்து ஒரு வெடைக்கோழி வாங்கி வந்தாள். சாம்பல் நிறம். கொழுகொழு என்று, கண்ணு பளபள என்று இருந்தது. ஆயா அதைத் தூக்கி எடை பார்த்தாள், கொண்டையைப் பார்த்தாள், மூக்கை அழுத்திப் பார்த்தாள், இறக்கையை விரித்துப் பேன் பார்த்தாள், பின்பக்கம் இறகில் எச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தது. இருந்தும் முருங்கை மரத்தடியில் கட்டிவிட்டு முதல் கோட்டைப் போட்டாள். அவளுக்குக் கண் மங்கிவிட்டதால் மற்ற வேலையெல்லாம் என் தலையில். காலையில் முதலில் பழைய கோழிகளுக்குத் தண்ணீர், தீனி. அப்புறம்தான் புதுசுக்கு. புதுசுக்கு வைத்துவிட்டு வந்தால் சாம்பல் போட்டுக் கை கழுவணும். திரும்பப் பழசுகிட்ட போகக் கூடாது.

ஐந்து கோடு விழுந்தது.

ஆறாம் நாள் தறிக்கொட்டகையில் ஒரு தப்பு பண்ணிவிட்டேன். மத்தியானம் தாகம். வேலியில் என் டம்ளர் இல்லை, காற்றில் எங்கேயோ விழுந்துவிட்டது. திண்ணையில் ஒரு பித்தளை டம்ளரில் தண்ணீர் இருந்தது. முதலாளி பையனுடையது. எடுத்துக் குடித்துவிட்டேன். அப்புறம் நடந்ததை விரித்து எழுத எனக்கு விருப்பமில்லை. இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு அது தெரியாததும் இல்லை. அடி கம்மிதான். டம்ளரை அடுப்பில் போட்டுச் சுட்டு எடுத்தார்கள். நான் பார்க்கும்படி சுட்டார்கள். சாயந்திரம் வரைக்கும் முற்றத்து ஓரத்தில் தனியாக நிற்க வைத்தார்கள். மற்றப் பையன்கள் தறியிலிருந்து என்னைப் பார்ப்பதும் குனிவதுமாக இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்தேன். அந்த வெடை முருங்கை மரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. கயிறு எட்டும் மட்டும் வந்து காலைத் தூக்கிக்கொண்டு, குப்பையில் கிளறுகிற மற்றக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்துவிட்டேன். அது ஓடிப்போய்க் குப்பையில் சேர்ந்துகொண்டது. இரண்டு கோழி கொத்திப் பார்த்தன, அப்புறம் விட்டுவிட்டன. ராத்திரி அதுவும் கூட்டுக்குள் போய் அடைந்தது. நான் கூடையைக் கவிழ்த்துக் கல்லை வைத்துவிட்டு, உள்ளே வெடை இருப்பதுபோல ஆயாவிடம் "வெச்சுட்டேன்" என்றேன். அவளுக்குத்தான் கண் தெரியாதே.

மூன்றாம் நாள் வெடை இறக்கையைத் தொங்கப் போட்டது. வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்தது. அதுக்கு அடுத்த நாலைந்து நாளில் ஒவ்வொன்றாக. மூச்சு வாங்கிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடும். கழுத்து முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்க்கும். ஒன்று பின்பக்கமாகவே நடந்தது. ஆயா சின்ன வெங்காயமும் மஞ்சளும் அரைத்து ஊட்டினாள், வேப்பிலை அரைத்து ஊட்டினாள். ஒன்றும் நிற்கவில்லை. ஆடி பிறக்கும் முன்னே பதினொன்றும் போய்விட்டது. எங்கள் வீட்டோடும் நிற்கவில்லை. தெருவில் எல்லா வீட்டுக் கூடும் காலி. குப்பைமேடு ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருந்தது. இரண்டு பக்கத்துக் கோழியும் அங்கேதான் மேயும். ஊர்த்தெருவிலும் செத்தது.

நான் ஆயாவிடம் சொல்லிவிட்டேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஏன் அவிழ்த்தாய் என்று கேட்டாள். டம்ளர் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்:

"அதுக்குப் பாவம் பாத்து இதுங்கள சாவடிச்சிட்டியேடா. நான் அத ஒரு அமாவாசைக்குத்தான் கட்டி வெச்சேன். உன்ன அவன் எந்த அமாவாசை வரைக்கும் நிக்க வெச்சிருக்கான்? கெடு சொன்னானா? போய்க் கேட்டுகினு வா."

நான் கேட்கவில்லை. மறுநாள் போய் நாடாவைத் தள்ளினேன். முன்பணம் தீர இன்னும் நாலு வருஷம் ஆனது.

அந்த நோய்க்கு எங்கள் பக்கம் வெள்ளைக்கழிச்சல் என்று பேர். புத்தகத்தில் ராணிக்கெட் நோய். இங்கிலாந்தில் நியூகாசிலிலும் ஜாவாவிலும் 1926-ல் கண்டுபிடித்தார்கள், அடுத்த வருஷமே இங்கே குமாவோன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் தெரிந்தது, அதனால் இந்தப் பேர். தடுப்பு மருந்து 1940-களில் அதே மலைப் பக்கத்தில் முக்தேஸ்வரில் உருவானது. நமக்கு மருந்து வருவது ராணிப்பேட்டையிலிருந்து. 1932-லிருந்து அங்கே அரசாங்கத்தின் கால்நடை மருந்து நிலையம் இருக்கிறது, காஞ்சிபுரத்திலிருந்து பஸ்ஸில் போய்விட்டு மத்தியானச் சோற்றுக்குத் திரும்பிவிடலாம். ராணிப்பேட்டையில் பிறந்த நோய் என்றே எங்கள் தெருவில் பல பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நோயையும் மருந்தையும் ஒரே ராணி பெற்றுவிட்டாள் என்று ஒரு தாத்தா சொல்வார்.

ஆயாவின் கோடுகளுக்கு அர்த்தம் இந்தப் படிப்பில்தான் கிடைத்தது. கிருமி உள்ளே போன கோழி அன்றைக்கே வாடாது. ஐந்தாறு நாள் ஆகலாம், இரண்டு வாரமும் ஆகலாம். அதுவரை கண்ணு பளபள என்றுதான் இருக்கும். சந்தையில் நூறு ஊர்க் கோழி ஒரே கூடையில் மூச்சுவிடுகிறது. எதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உலக அளவில் இந்த நோய்க்கு 21 நாளை அளவாக வைத்திருக்கிறார்கள். மற்ற நோய், பேன், பூச்சி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் முப்பது நாள் நல்லது. எச்சத்தில் போகும், தண்ணீரில் போகும், செருப்பில் போகும், கையில் போகும். அதனால்தான் முதலில் பழசு, பிறகு புதுசு. அதனால்தான் சாம்பல். எந்தப் புத்தகமும் பார்க்காமல் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்றால், அவளும் ஒரு தடவை எல்லாவற்றையும் சாகக் கொடுத்திருப்பாள்.

தடுப்பூசி முகாம் பற்றியும் சொல்ல வேண்டும். வருஷா வருஷம் வெயில் காலத்துக்கு முன்னால் இரண்டு வாரம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள். நல்ல விஷயம். இலவசம். எனக்குத் தெரிந்த ஒரு கிராமத்தில் (பேர் வேண்டாம்) முகாம் பல வருஷமாக ஊருக்குள் கோயில் வாசலில்தான் நடந்தது. எங்கள் பெண்கள் கோழிகளைக் கூடையில் சுமந்துகொண்டு போய் வரிசையின் கடைசியில் நிற்பார்கள். அவர்களே போய்க் கடைசியில் நிற்பார்கள், யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த மருந்து பொடியாக வரும். குளிர்ந்த நீரில் கலக்கி இறக்கைக்கடியில் தோலில் போடணும். கலக்கிய பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்கணும், அதுவரை ஐஸில் இருக்கணும். வெயில் ஏறி எங்கள் கூடைக்கு வரும்போது சீசாவில் மருந்து இருந்தாலும் மருந்தில் உயிர் இருக்காது. ஊசி போட்ட கோழி ஏன் சாகிறது, சேரிக்காரி சுத்தமாக வளர்ப்பதில்லை என்று பேச்சு வேறு. முதலில் பழசு, பிறகு புதுசு என்று ஆயா வைத்த வரிசையை அப்படியே மனுஷனுக்கு வைத்தமாதிரி. நாங்கள் அந்த ஊருக்கு எத்தனை தலைமுறையாகப் புதுசு?

ஒரு வருஷம் ஒரு இளம் பெண் டாக்டர் வந்தார். விடிகாலையில் ஐஸ்பெட்டியோடு நேராகக் காலனிக்கு வந்து, வீடு வீடாகப் போட்டுவிட்டு அப்புறம் ஊருக்குள் போனார். ஊரில் முணுமுணுத்தார்கள். அந்த வருஷம் கோடையில் ஊரிலும் சாகவில்லை. அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்டதில்லை. அடுத்த வருஷம் அவர் இல்லை.

2020-க்கு வருகிறேன். மார்ச் 25-லிருந்து ஊரடங்கு. தறிகள் நின்றன. நான் அப்போது ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா. கொஞ்ச நாள் கழித்துப் பாதிப் பேரை வரச் சொன்னார்கள். மேசைக்கு மேசை ஆறடி. என்னோடு பதினைந்து வருஷம் வேலை பார்த்த ஒருவர், நல்ல மனுஷர், என் மகள் கல்யாணத்துக்கு வந்தவர் (சாப்பிடவில்லை, விரதம் என்றார்), செல்போனில் வந்த எதையோ காட்டிச் சொன்னார்: "பாத்தீங்களா சார், தொடாம நில்லு, தள்ளி நில்லுன்னு நம்ம பெரியவங்க அந்தக் காலத்துலயே வெச்சாங்க. சுகாதாரம் சார். நாமதான் அதைத் தீண்டாமைன்னு கொச்சைப்படுத்திட்டோம்."

அந்த மாதிரி அப்போது நிறையப் பேர் சொன்னார்கள். உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். அம்பேத்கர் இதற்கு 1948-லேயே பதில் எழுதி வைத்திருக்கிறார். 'தீண்டப்படாதவர்கள்' நூலின் முதல் இரண்டு அத்தியாயம் இதுதான். பிறப்பு, சாவு, மாதவிலக்கு என்று தீட்டுப் பார்க்காத பழங்குடி உலகத்தில் எங்கேயும் இல்லை என்று நாடு நாடாக அடுக்கிக் காட்டுவார். ஆனால் அதற்கெல்லாம் நாள் உண்டு, சடங்கு உண்டு, நாள் முடிந்தால் ஆள் திரும்பி வந்துவிடுவான். நம்முடையதற்கு மட்டும் நாளும் இல்லை, கழுவுகிற சடங்கும் இல்லை, பிறக்கிற பிள்ளைக்கும் தொடரும். அவர் ஊர்ச் சேரியை முள்வேலிக் கூண்டோடு ஒப்பிடுவார். அதைப் படித்தபோது எனக்கு லண்டனில் படித்த டாக்டர் ஞாபகம் வரவில்லை, முருங்கை மரமும் கரிக்கோடும்தான் ஞாபகம் வந்தது.

அலுவலகத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா? நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். "சார், கொரோனா வந்த வீட்டுக் கதவுல ஸ்டிக்கர் ஒட்டறாங்க. பதினாலு நாள் ஆச்சுன்னா அது செல்லாது. எங்க தெருவுல ஒட்டினது எத்தினி நாளைக்கு சார்?"

முப்பத்தெட்டு வருஷம் தாமதமாகக் கேட்டேன். அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நீங்க எல்லாத்தையும் அந்தப் பக்கமே கொண்டு போறீங்க" என்றார். அதற்கப்புறம் எங்கள் மேசைகளுக்கு நடுவே ஆறடி அப்படியே இருந்தது, கொரோனா போன பிறகும்.

கோழியை வைத்து எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களும் உண்டு. ஒரு படிப்பு வட்டத்தில் ஒரு தோழர் சொன்னார், கோழியிலேயே மேல் கீழ் இருக்கிறது, அது இயற்கை என்று. நார்வேக்காரர் ஷெல்டெருப்-எப்பே 1920-களின் தொடக்கத்தில் எழுதியதைச் சொல்கிறார். யார் யாரைக் கொத்தலாம் என்று கூட்டத்தில் ஒரு வரிசை உண்டு என்று கண்டவர் அவர். உண்மைதான். கெடு முடிந்து உள்ளே விட்டாலும் புதுசு நாலு நாள் கொத்து வாங்கும். அதனால்தான் நான் ஒன்றாக வாங்குவதில்லை, இரண்டாக வாங்குகிறேன். நடுவில் வலை கட்டி ஒரு வாரம் ஒன்றையொன்று பார்க்க விடுகிறேன், அப்புறம் இருட்டின பிறகு கூட்டில் சேர்க்கிறேன். ஆனால் தோழரே, என் கூட்டத்தில் கடைசியில் கிடந்த மொட்டைவால் பெட்டையின் குஞ்சு ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் கொத்தி முதலில் தின்கிறது. அதனுடைய அம்மா யார் என்று எந்தக் கோழியும் அதைக் கேட்கவில்லை.

இன்னொரு வழக்கமும் சொல்கிறார்கள். கெடு முடிந்ததும் பழைய கோழிகளில் வேண்டாத ஒன்றை மட்டும் முதலில் புதுசோடு விட்டு, அது சாகிறதா பிழைக்கிறதா என்று இரண்டு வாரம் பார்ப்பது. வெளியே நோய் காட்டாமல் உள்ளே வைத்திருக்கிற கோழியை அப்படித்தான் பிடிக்க முடியும், சரியான முறைதான். எனக்குக் கை வரவில்லை. மலக்குழியில் முதலில் யாரை இறக்கிப் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். கோழியைப் பார்த்து மனுஷனை நினைக்கிற இந்தப் புத்திதான் 1982-ல் பதினொன்றைக் கொன்றது. அது தெரிந்தும் இந்த ஒன்றை மட்டும் நான் செய்வதில்லை. அதற்குப் பதில் இன்னும் பத்து நாள் கூட வைத்துவிடுகிறேன்.

இப்போது என்னிடம் ஒன்பது இருக்கிறது. போன அமாவாசைக்கு இரண்டு புதுசு வாங்கினேன், ஒன்று கறுப்பு, ஒன்று புள்ளி. காலனி வீட்டுக்குப் பின்னால் வலைக்கூண்டில் இருக்கின்றன. சிமெண்ட் சுவரில் கரி சரியாகப் பிடிக்காது, பேத்தி சாக்பீஸில் கோடு போடுகிறாள். நேற்றுப் பதினேழு ஆனது. புள்ளிக்கோழியைத் தொட்டுப் பார்க்கணும் என்று ரெண்டு நாளாக அழுகிறாள். இன்னும் எத்தனை என்று கேட்டாள், பதிமூன்று என்றேன், விரலை விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள். நான் பழைய கோழிகளுக்கு முதலில் தண்ணீர் வைத்துவிட்டு அதுகளிடம் போனேன்.